முதல் நாளின் கைகள்: அவசரப் பிரிவில் இயன்முறைப் பயிற்றுநரும் ‘அட்டெண்ட்’ ஆய்வும்

பக்கவாத நோயாளியின் குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை என்பது நம் துறையில் தீர்ந்துபோன விஷயமாகப் பேசப்படுகிறது. அதையொட்டி இன்னொரு முடிவும் சத்தமில்லாமல் நிலைபெற்றுவிட்டது: அவசரப் பிரிவில் இயன்முறைச் சிகிச்சையாளருக்கு, அதிலும் கற்றுக்கொடுப்பதையே வேலையாகக் கொண்டவருக்கு, இடமில்லை, அவர் வார்டுக்கும் வீட்டுக்கும் உரியவர். இரண்டு முடிவுகளும் பெரும்பாலும் ஒரே ஆய்வின் மேல் கட்டப்பட்டவை. அந்த ஆய்வு அவ்வளவு பாரம் தாங்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2017இல் ‘லான்செட்’ இதழில் வெளியான அட்டெண்ட் ஆய்வு இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரைச் சேர்த்துக்கொண்டது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பிரிவில் அதோடு, குடும்பம் தேர்ந்தெடுத்த ஒருவருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி தொடங்கி, வீட்டில் இரண்டு மாதம் வரை தொடர்ந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் சேர்ந்து இரு பிரிவிலும் 47 விழுக்காடு. வித்தியாசமே இல்லை. ஆய்வு நேர்மையாக நடத்தப்பட்டது; முடிவும் தெளிவானது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் சந்தேகம் அதை வாசித்தவர்கள் மீது.

பக்கவாதம் வந்து ஒரு மாதத்துக்குள் இருப்பவர் யாரும் அந்த ஆய்வில் சேரலாம். பிழைப்பார் என்ற நம்பிக்கை ஏற்பட்டிருக்க வேண்டும். பார்த்துக்கொள்ள வீட்டாள் ஒருவர் இருக்க வேண்டும். ஆக, முதல் சில மணி நேரத்தில் நோயாளியை யார் தூக்கினார்கள், எப்படித் தூக்கினார்கள் என்பது அங்கே கேள்வியே அல்ல. சிகிச்சையாளர் செய்யும் வேலையில் ஒரு பங்கை வீட்டாரிடம் கைமாற்ற முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாது என்று விடை வந்தது. நோயாளியைக் காயப்படுத்தாமல் கையாளக் கற்றுக்கொடுப்பது வேறு காரியம்.

அளவுகோலும் கவனிக்கத்தக்கது. இறப்பு, சார்ந்து வாழ்தல் என்ற பெரிய சல்லடையில், தவறாகத் தூக்குவதால் வரும் தோள்வலி சிக்காது. தானாக நடந்து, தானாகச் சாப்பிட்டு, ஆனால் இரவில் தோள்வலியால் தூங்க முடியாமல் கிடக்கும் ஒருவர் அந்தக் கணக்கில் ‘நல்ல பலன்’ பெற்றவராகவே பதிவாகக்கூடும்.

எதிர்த்தரப்பு அடுத்து எடுத்து நீட்டுவது 2015இல் வந்த அவெர்ட் ஆய்வை. ஐந்து நாடுகள், 56 பக்கவாதப் பிரிவுகள், 2,104 நோயாளிகள். சீக்கிரமாகவும் அதிகமாகவும் எழுப்பி நடமாட வைத்தவர்களில் 46 விழுக்காட்டினர் நன்கு தேறினார்கள்; வழக்கமான சிகிச்சையில் 50 விழுக்காட்டினர். ஆகவே முதல் நாளில் இயன்முறைச் சிகிச்சை ஆபத்து என்கிறார்கள். ஆனால் வழக்கமான பிரிவினரையும் பாதிப் பேருக்கு மேல் 24 மணி நேரத்துக்குள் எழுப்பிவிட்டார்கள். தொடங்கிய நேரத்தின் இடைநிலை அளவு 18.5 மணியும் 22.4 மணியும். பெரிய வேறுபாடு நாளொன்றுக்கான நேரத்தில் இருந்தது: 31 நிமிடம், 10 நிமிடம். முதல் நாளில் நோயாளியை நீண்ட நேரம் வதைக்காதே என்பதுதான் அதன் பாடம். அதை ஏற்கிறேன். அவசரப் பிரிவில் நான் கேட்பது உடற்பயிற்சி அல்ல.

கேட்பது என்ன என்பதைக் கீழ்பென்னாத்தூரிலிருந்து பார்த்தால் விளங்கும். அங்கே விடியற்காலையில் ஒருவருக்கு ‘ஒரு பக்கம் கை கால் வரல’ என்றால், பக்கத்து வீட்டார் ஓடிவருவார்கள். ஒருவர் அக்குளில் கை கொடுப்பார், இன்னொருவர் காலைப் பிடிப்பார். ஆட்டோவோ 108ஓ, செஞ்சி சாலையில் மேற்கே ஏறக்குறைய 20 கி.மீ. போனால் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே ஸ்ட்ரெச்சர், அதிலிருந்து ஸ்கேன் மேசை, மறுபடி ஸ்ட்ரெச்சர், பிறகு கட்டில். ஒவ்வொரு மாற்றத்திலும் துவண்ட கைதான் பிடிக்க வாகாகக் கிடைக்கிறது. தோள் மூட்டை இறுக்கிப் பிடித்திருந்த தசைகள் தளர்ந்த நிலையில், கையின் எடையே மூட்டைக் கீழே இழுக்கும். அதோடு மனிதர் இழுப்பும் சேர்ந்தால் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வுகள் புண்படும். வலி சில வாரம் கழித்துத் தலைகாட்டும்போது காரணத்தை யாரும் தேடுவதில்லை. வாதம் வந்தால் வலி இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிடுகிறோம்.

பயிற்றுநர் அங்கே சொல்லவேண்டியது ஐந்து நிமிடச் சங்கதி. கையைப் பிடித்து இழுக்காதே. தோள்பட்டை எலும்புக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் திருப்பு. முழங்கைக்குக் கீழே தலையணை வை. விழுங்க முடிகிறதா என்று பார்த்துச் சொல்லும் வரை காபியோ தண்ணீரோ கொடுக்காதே. கடைசி வாக்கியம் இயன்முறைத் துறையைச் சேர்ந்ததல்ல என்பார்கள். சேர்ந்ததோ இல்லையோ, பால் புரையேறி நுரையீரலில் சளி கட்டிய பிறகு அந்த நெஞ்சைத் தட்டிக் கொடுக்கப் போகிறவர் இயன்முறைச் சிகிச்சையாளர்தான்.

இதை யாரிடம் சொல்வது? அட்டெண்ட் ஆய்வில் குடும்பத்துக்கு ஒரு பராமரிப்பாளர். நம் அரசு மருத்துவமனைகளில் ‘பேஷண்ட் கூட யாரு?’ என்று கேட்டால் காலையில் மனைவி வருவார், மதியம் மச்சான், ராத்திரி ஊரிலிருந்து வந்த தம்பி மகன். காலையில் கற்றவர் மாலையில் இருப்பதில்லை. எனவே பயிற்சியின் முதல் மாணவர்கள் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்களும் செவிலியர்களும் 108 பணியாளர்களுமாக இருக்க வேண்டும், உறவினர் அடுத்துத்தான். பயிற்றுநர் என்ற பணி தேவைப்படுவதும் இதனால்தான்.

ஆள் பற்றாக்குறை என்ற வாதம் எல்லாப் புதுப் பணிக்கும் பொருந்துவதால் எதையும் நிரூபிப்பதில்லை. 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழில்முறையினர் ஆணையச் சட்டம் அதன் அட்டவணையில் விபத்துச் சிகிச்சையையும் இயன்முறையையும் தனித்தனி வகைகளாக வைத்திருப்பதைச் சிலர் காட்டுகிறார்கள். அட்டவணை தொழில்களை வகைப்படுத்துகிறது. யார் எந்த அறையில் நிற்கலாம் என்று அது சொல்லவில்லை.

இத்தகைய பயிற்சி தோள்வலியைக் குறைக்கும் என்பதை அட்டெண்ட், அவெர்ட் இரண்டுமே நிறுவவில்லை, மறுக்கவும் இல்லை. நிறுவ வேண்டுமானால் ஆறாவது வாரத்துத் தோள்வலியையும் முதல் வாரத்து நுரையீரல் அழற்சியையும் எண்ணியாக வேண்டும். முதலாவதை எண்ண வழி கையிலேயே இருக்கிறது: 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர்கள் வீடு தேடிப் போகிறார்கள். முதல் நாளில் புண்பட்ட தோளை அவர்கள்தான் கடைசியில் சந்திக்கிறார்கள். அவர்கள் பதிவேட்டில் ஒரு பத்தி கூடுதலாகப் போட்டால் போதும். அதுவரை, அட்டெண்ட் ஆய்வைக் காட்டி அவசரப் பிரிவில் பயிற்றுநர் வேண்டாம் என்று எழுதுவோர், அந்த ஆய்வு முதல் சில மணி நேரத்தைச் சோதிக்கவில்லை என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.