மைய இடக் கோட்பாடும் அதன் பின்வரலாறும்

ஊர்கள் சில சிறியனவாகவும் சில பெரியனவாகவும் அமைந்திருத்தலை யாவரும் காண்கின்றனர். அவற்றின் பருமனுக்கும் இடைத்தூரத்திற்கும் ஒரு நியதி உண்டோ என வினவியவர் மிகச் சிலரே. அவருள் தலையாயவர் வால்டர் கிறிஸ்டாலர். பொருளியல் பயின்ற இவர், சேர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்திலே புவியியலறிஞர் ரொபேட் கிராட்மனின் கீழ்க் கலாநிதிப் பட்டத்திற்கென எழுதிய ஆய்வேடு, தென் சேர்மனியின் மைய இடங்களைப் பற்றியது. அது 1933 ஆம் ஆண்டு யேனா நகரில் நூலாக வெளிவந்தபோது அவர் நாற்பதாவது வயதிலிருந்தார்.

எங்கும் ஒரே தன்மைத்தாய சமவெளியொன்றைக் கற்பனை செய்துகொண்டே அவர் தொடங்கினார். மக்கள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடந்து சென்று பண்டங்கொள்ளத்தக்க சிற்றூர்கள் 7 கிலோமீற்றருக்கு ஒன்றாக அமையும்; அவற்றின் சந்தைப் புலங்கள் இடைவெளியின்றிப் பொருந்துங்கால் அறுகோண வடிவு பெறும். அடுத்த படியிலுள்ள ஊர்கள் 12 கிலோமீற்றர், அதற்கு மேற்பட்டவை 21 என இடைத்தூரம் விரிந்து, ஏழாம் படியில் 186 கிலோமீற்றரை எட்டும்.

ஓர் ஊரின் மையத்தன்மையை அளத்தற்கு அவர் கொண்ட கருவி தொலைபேசியாகும். அவ்வூர் மக்கட்டொகைக்கு, பிரதேசத்தின் சராசரிப்படி இருக்கவேண்டிய தொலைபேசிகள் எத்தனை எனக் கணித்து, உண்மையிலுள்ள எண்ணிக்கையிலிருந்து அதனைக் கழித்தார். எஞ்சியது சுற்றுப்புறத்தார்க்கு அவ்வூர் ஆற்றும் பணியின் அளவாயிற்று. வீடுதோறும் தொலைபேசி புகுந்த பிற்காலத்துக்கு இவ்வளவுகோல் பொருந்தாது. அக்காலத்துக்கோ அது கூரிய கருவியே. சுரங்கமும் துறைமுகமும் தோற்றுவித்த நகரங்களை இக்கோட்பாடு விளக்கமாட்டாது என்பதும் உண்மை.

இத்தகைய ஆய்வேட்டை எழுதியும் அவருக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி வாய்க்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவிலே எட்வேட் அல்மன் 1941 இல் எழுதிய கட்டுரை அவர் கருத்தை ஆங்கில உலகுக்கு அறிமுகஞ் செய்தது. வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கரிசனும் அவர்தம் மாணவர் பிறயன் பெரியும் சினோகோமிசு மாவட்டத்துச் சிற்றூர்களை ஆராய்ந்து, 1958 இல் அக்கோட்பாட்டைப் புள்ளிவிபர முறையாற் சோதித்தனர். நகரப் புவியியல் கணிதத்தை நாடிய காலம் அது. நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1966 இல் வெளிவந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளின் கதை வேறு. சமூக சனநாயகக் கட்சியினராயிருந்த கிறிஸ்டாலர் 1940 இல் நாசிக் கட்சியிற் சேர்ந்தார். இம்லரின் ஆட்சிக்குட்பட்ட திட்ட அலுவலகத்திலே, கொன்றாட் மேயரின் கீழ், கைப்பற்றப்பட்ட போலந்து நிலத்திற் சேர்மானியக் குடியேற்றங்களுக்கு ஊரமைப்பு வகுத்தார். ஆய்வேட்டிலே சமவெளி ஒரு கற்பனை மாத்திரமே. போலந்திலோ, போலந்தினரும் யூதரும் வெளியேற்றப்பட்டும் கொல்லப்பட்டும் அவ்வெறுமை உண்டாக்கப்பட்டது. அறுகோணங்களை வரைந்த கை இதனை அறியாதிருந்தது எனக் கொள்ளுதல் அரிது. போருக்குப் பின் அவர் பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்தார் என்பது வியப்பிற்குரியது.

1960 இல் சுவீடனின் லுண்ட் நகரிற் கூடிய நகரப் புவியியல் மாநாட்டில் அவர் பெருமதிப்புடன் வரவேற்கப்பட்டார். 1969 இற் காலமானார். போர்க்காலப் பணியைப் புவியியலாளர் விரிவாக ஆராயத் தொடங்கியது 1980 களிலேயாம். அவருள் மெக்டில்ட் ரோஸ்லரின் ஆய்வுகள் குறிப்பிடத்தக்கன.