வயதானால் கண்ணின் இரத்தக் குழாய்களுக்கு என்ன ஆகிறது?

புதுக் கண்ணாடி போட்டும் பார்வை தெளியவில்லை என்று சொல்லும் பெரியவர்களை கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பார்க்கலாம். சிலருக்குக் கோளாறு இருப்பது கண்ணின் பின்புறம், விழித்திரையின் இரத்தக் குழாய்களில்.

விழித்திரை மெல்லிய சவ்வுதான். ஆனால் எடையோடு ஒப்பிட்டால், உடலில் மிக அதிகமாக ஆக்சிஜனைச் செலவிடும் திசுக்களில் அதுவும் ஒன்று. அதன் உள் அடுக்குகளுக்கு விழித்திரைத் தமனி இரத்தம் தருகிறது. ஒளியை உணரும் உயிரணுக்களுக்குப் பின்னாலுள்ள கோராய்டு என்ற இரத்தப் படலம் உணவூட்டுகிறது.

மின்னி மின்னி வெளிச்சம் பட்டால் விழித்திரைக்கு வேலை கூடும். ஆரோக்கியமான குழாய் உடனே விரிந்து கொடுக்கும். இரத்த அழுத்தம் ஏறினால் சுருங்கிக்கொள்ளும். விழித்திரைக் குழாய்களுக்கு மூளையிலிருந்து நரம்புக் கட்டளை வருவதில்லை. குழாயின் உட்சுவரில் உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு போன்ற பொருட்களே இதைக் கவனிக்கின்றன. வயது ஏற ஏற அது குறைகிறது, சுவர் விறைக்கிறது, விரிவதும் மந்தமாகிறது. கோராய்டும் மெலிகிறது. தியேட்டருக்குள் நுழைந்ததும் இருட்டு பழக முன்பைவிட நேரமாவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இரத்தக் கொதிப்பு சேர்ந்தால் நிலைமை மோசமாகும். விழித்திரையில் தமனி சிரையைக் கடக்கும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே உறைதான். தடித்துப்போன தமனி சிரையை நசுக்க, இரத்தம் தேங்கிக் கசிந்து பார்வையின் ஒரு பகுதி மங்கிவிடும்.

அதைவிட நமக்குப் பெரிய கவலை இனிப்புநீர். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. இந்தியர்களிடையே அந்த அளவு மூன்றில் ஒரு பங்கை நெருங்கியது. நுண்குழாய்களைத் தாங்கிப் பிடிக்கும் உயிரணுக்களைச் சர்க்கரை அழிப்பதால் குழாய் புடைத்துக் கசிகிறது. முதுமையில் தளர்ந்த குழாய்க்கு இது இரட்டைச் சுமை.

இவை தொடக்கத்தில் வலிக்காது. கண்ணாடிக் கடையில் எழுத்து அட்டையைச் சரியாகப் படித்துவிட்டதால் மட்டும் விழித்திரை நலமென்று சொல்ல முடியாது. இனிப்புநீர் மருந்து வாங்கப் போகும் அரசாங்க கிளினிக்கில் விழித்திரையைப் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. கோளாறு தெரிந்தால் கண் நிபுணரிடம் அனுப்புவார்கள். பெட்டாலிங் ஜெயாவில் துன் உசேன் ஓன் தேசிய கண் மருத்துவமனையும் இருக்கிறது. பாப்பாவை விரிக்கும் சொட்டுமருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். மோட்டார் சைக்கிளில் தனியாகப் போகாமல் பிள்ளைகள் யாரையாவது கூட்டிச் செல்லுங்கள்.

பார்வையை இழந்துவிட்டவர்களுக்குப் பயிற்சி தர, 1951இல் தொடங்கப்பட்ட மலேசிய பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இயங்குகிறது.

ஒரு கண் வலியே இல்லாமல் திடீரென இருண்டால் அது வேறு கதை. தமனி அடைத்துக் கண்ணுக்கு வரும் பக்கவாதமாக அது இருக்கலாம். சில மணி நேரத்திலேயே விழித்திரை செத்துவிடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காமல் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.