மணி கிடந்த மண்

பழைய பவளமும் கண்ணாடி மணியும் தேடிச் சேர்ப்போர் நிறம் பார்ப்பர், வயது கேட்பர், விலை பேசுவர். தமிழாசிரியனாகிய நான் முதலில் கேட்பது, "இம்மணி எங்கே கிடந்தது?" என்பதே.

பவளத்தைத் துகிர் என்பது சங்க வழக்கு. காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த பண்டங்களைக் கூறும் பட்டினப்பாலை, ஈழத்து உணவோடு கீழ்க்கடல் துகிரையும் சேர்த்துரைக்கிறது. கி.பி. முதலாம் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்புளுசோ, மேற்கிலிருந்து முசிறிக்கு வந்த சரக்குகளுள் பவளத்தையும் கண்ணாடிக் கட்டியையும் குறிக்கிறது. உரோமர் முத்தை மதித்தவாறே இந்தியர் பவளத்தை மதித்தனர் என்கிறார் பிளினி. இரு திசையிலிருந்தும் பவளம் வந்ததெனில், கையிலுள்ளது எத்திசையது? அதை ஆராயப் புகுவோர்க்கு, கண்டெடுத்த இடம் முதலில் தெரிய வேண்டும்.

கண்ணாடி மணியின் பயணம் இன்னும் நீண்டது. அரிக்கமேட்டில் உருகிய கண்ணாடியை மெல்லிய குழாயாக இழுத்து, நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனை மழுக்கினர். இவ்வகை மணிகள் கிழக்காபிரிக்கா முதல் கொரியா வரை கிடைத்துள்ளன. மன்னாரை அடுத்த நம் மாந்தைத் துறையிலும் கிடைத்துள்ளன. 1980இல் தொடங்கிய மாந்தை அகழ்வு, போர்ச் சூழலால் 1984இல் நின்றது. அதன் அறிக்கை நூலாக வெளிவந்தது 2013இல். பொருள்கள் கிடந்த மண்ணடுக்கு அன்றே குறிக்கப்பட்டிருந்தமையால், அத்தனை ஆண்டு கடந்தும் அவற்றை ஆராய முடிந்தது.

அம்மணிகளை யாரோ பொறுக்கி நூலில் கோத்திருந்தால்? அழகு எஞ்சியிருக்கும், காலமும் இடமும் போயிருக்கும். மழைக்குப் பின் வயலில் மணி கண்டால், கிடந்தபடியே விட்டுத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள் என்று என் மாணவருக்குச் சொல்லி வருகிறேன். மணி சேர்ப்போரிடமும் நான் வேண்டுவது அதுவே.