கர்ப்பத்தடை முதல் கருக்கலைப்பு வரை: கடன் வாங்கிய வாதம்

இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராமநாதபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த நாளில், அதே மாவட்டத்தைச் சேர்ந்த விருதுநகரில் 1931இல் சுயமரியாதை இயக்கத்தின் மாகாண மாநாடு கூடியது. அதற்கு முந்தைய ஆண்டே 'குடிஅரசு' இதழில் கர்ப்பத்தடையை, அதாவது கருவுறுவதை முன்கூட்டியே தடுத்துக்கொள்ளும் முறையை, ஆதரித்து எழுதிய அவ்வியக்கத்தின் தலைவர் பெரியார், தாயின் உடல்நலம், நாட்டின் வறுமை என்று பிறர் காட்டிய காரணங்களிலிருந்து விலகி, பெண் எவருக்கும் கட்டுப்படாமல் வாழ்வதற்கே அது தேவை என்று வாதிட்டார். அவர் பேசியது தடுப்பைப் பற்றியே. கருவுற்றபின் கலைப்பதையோ, தாயின் உயிரைக் காப்பதற்காகவன்றிச் செய்தால், 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு குற்றமாக்கி, அப்பெண்ணையும் தண்டனைக்கு உள்ளாக்கியிருந்தது.

அச்சட்டத்தைத் தளர்த்திய பெருமை பெரியாரின் வாதத்துக்குக் கிடைக்கவில்லை. 1964இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழு, மறைவிடங்களில் அரைகுறைக் கைகளால் நடந்த கருக்கலைப்புகளில் பெண்கள் மாண்டதைச் சுட்டி 1966இல் அறிக்கை அளித்தது. மக்கள்தொகைப் பெருக்கம் பற்றிய கவலையும் சேர்ந்துகொள்ள, 1971இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு பிரான்சில் 343 பெண்கள், தாங்களும் கருக்கலைத்தவர்களே என்று கையொப்பமிட்டு அறிவித்துத் தண்டனைக்குத் துணிந்து நின்றனர். இங்கோ அத்தகைய போராட்டம் இன்றியே, மருத்துவர்களும் திட்டமிடுவோரும் பேசிய மொழியில் சட்டம் வந்தது. விரைவில் கைகூடிய அந்த உத்திக்கு விலையும் இருந்தது: முடிவு மருத்துவரின் கருத்துக்கு உட்பட்டது, கருத்தடைச் சாதனம் பயனளிக்காமற்போவதை ஒரு காரணமாக ஏற்ற பிரிவு, மணமான பெண்ணையும் அவள் கணவனையும் மட்டுமே குறித்தது. குடும்பக் கட்டுப்பாட்டை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட அப்பிரிவில் மணமாகாதவளுக்கு இடமில்லாதது வியப்பன்று.

1981இல் செங்கல்பட்டு வட்டாரத்தில் தொடங்கிய கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையம் போன்ற அமைப்புகள், சட்டமன்றத்தைவிட ஊர்ப் பெண்களிடையே உடலறிவைப் பரப்புவதை வழியாகக் கொண்டன. சட்டத்திலோ, 2021ஆம் ஆண்டுத் திருத்தம்தான் 'மணமான பெண்', 'கணவன்' என்ற சொற்களை அகற்றி, 'பெண்', 'துணைவர்' எனப் பொதுவாக்கியது. 2022 செப்டம்பரில் உச்சநீதிமன்றம், 20 வாரத்துக்கும் 24 வாரத்துக்கும் இடைப்பட்ட கருவைக் கலைக்கும் வாய்ப்பை மணமாகாத பெண்ணுக்கு மறுக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே இராஜபாளையத்தின் நூற்பாலைத் தொழிலாளிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரின் கல்லூரி மாணவிக்கும் மணமாகாதிருப்பது இன்று தடையில்லை. ஆயினும் 20 வாரம் வரை ஒரு மருத்துவரும், அதற்குமேல் 24 வாரம் வரை இருவரும் இசைந்தால்தான் சட்டம் இசைகிறது.