அச்சு திறந்ததும் எடுக்கும் கை யாருடையது?

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயருக்குள்ளேயே ஓர் அச்சு இருக்கிறது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் கூரை வீடுகளை அழித்தன. அதன்பின் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்றார் சிலாங்கூர் ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம். அதற்காகச் செங்கல் அறுத்த வட்டாரமே பிரிக்பீல்ட்ஸ். அச்சில் அழுத்திய களிமண்ணை எடுத்துக் காயவைக்க அன்று கை தேவைப்பட்டது. நூறு ஆண்டுகளுக்குப் பின் கிள்ளான் பள்ளத்தாக்கின் பிளாஸ்டிக் தொழிற்சாலைகளிலும் அதே கைதான் தேவைப்பட்டது.

பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தும் இயந்திரத்துக்கு 1872இல் அமெரிக்காவின் ஹையாட் சகோதரர்கள் காப்புரிமை பெற்றனர். 1946இல் ஜேம்ஸ் ஹென்ட்ரி அதில் சுழலும் திருகைப் பொருத்தினார். இன்றும் முறை அதுவே. பிளாஸ்டிக் குருணை சூடான உருளையில் உருகும். திருகு அதை மூடிய அச்சுக்குள் தள்ளும். குளிர்ந்ததும் அச்சு திறக்கும். சிறு பொருள்கள் தாமாகவே கீழே விழுந்துவிடும். தொலைக்காட்சிப் பெட்டியின் மேலுறை, காரின் பம்பர் போன்றவற்றை யாராவது எடுத்தாக வேண்டும்.

அந்த 'யாராவது' பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள். 1972இல் சுங்கைவேயில் சுதந்திர வர்த்தக வட்டாரம் அமைந்தது. ரப்பரும் செம்பனையும் விளைந்த சுங்கை ரெங்கம் தோட்ட நிலத்தில் எழுந்த ஷா ஆலம், 1978இல் சிலாங்கூரின் தலைநகரானது. 1985 பிளாசா உடன்பாட்டுக்குப் பின் யென் மதிப்பு உயர, ஜப்பானிய நிறுவனங்கள் இங்கே குவிந்தன. பால்மரம் சீவியவர்களின் மகனும் மகளும் தொழிற்சாலை பஸ் ஏறி, ஷிப்டு முறையில் இயந்திரத்தின் முன் நின்றார்கள். பாதுகாப்புக் கதவைத் திறப்பது, பொருளை எடுப்பது, பிசிறு வெட்டுவது, கதவைச் சாத்துவது, இப்படியே எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம்.

உலகின் முதல் தொழிற்சாலை ரோபோவான யூனிமேட், 1961இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் செய்த வேலையும் ஏறக்குறைய இதுவே. அச்சில் வார்த்த சூடான உலோகப் பாகங்களை அது வெளியே எடுத்து வைத்தது. ரோபோ வேகமானது என்பதால்தான் முதலாளிகள் வாங்குகிறார்கள் எனப் பலர் நினைப்பதுண்டு. அது பாதி உண்மைதான். மனிதக் கை ஒருமுறை பத்து விநாடியில் எடுக்கும், மறுமுறை பதினைந்து ஆகும். அந்த ஐந்து விநாடியில் அச்சின் சூடு மாறும், உருளைக்குள் பிளாஸ்டிக் கூடுதலாக வேகும், பொருளின் அளவு பிசகும். ரோபோவோ ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் எடுக்கும்.

அப்படியிருந்தும் அது இங்கே மெதுவாகவே பரவியது. 1990களில் பெருகிய அந்நியத் தொழிலாளரின் மலிவான உழைப்பு அதற்கு முக்கியக் காரணம். ஆள் எளிதாகக் கிடைக்கும்போது இயந்திரத்துக்கு முதல் போடுவது யார்? 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2022இல் 1,500, 2025இல் 1,700 ரிங்கிட் என உயர்ந்தது. இடையில் 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. எல்லை மூடியதும் ஆள் வரத்தும் நின்றது. 2023இல் அறிவிக்கப்பட்ட புதிய தொழில்துறைப் பெருந்திட்டம், 2030க்குள் 3,000 தொழிற்சாலைகளை நவீனமயமாக்க இலக்கு வைத்தது.

தோட்டம் துண்டாடப்பட்டபோது குடும்பங்கள் வேலையோடு வீட்டையும் இழந்தன. தொழிற்சாலையில் கதை சற்று வேறு. எடுக்கும் வேலை போகிறது. ரோபோவைப் பழக்கும் வேலை வருகிறது. அதற்குச் சான்றிதழ் வேண்டும். அச்சுத் தொழில்நுட்பம் கற்பிக்க 1991இல் நிறுவப்பட்ட ஜெர்மன்-மலேசிய இன்ஸ்டிடியூட் காஜாங் வட்டாரத்தில் இருக்கிறது. உள்நாட்டுத் தொழிலாளரின் பயிற்சிக்காக, சட்டத்துக்கு உட்பட்ட முதலாளிகள் 1993 முதல் மனிதவள நிதிக்குச் சந்தா கட்டுகிறார்கள். இருபது ஆண்டு இயந்திரத்தின் முன் நின்றவருக்கு, எந்தச் சத்தம் வந்தால் அச்சில் கோளாறு என்பது தெரியும். அவரைப் பயிற்சிக்கு அனுப்பும்படி நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது தொழிற்சங்கம். பெரும்பாலான சிறிய ஆலைகளில் அந்தச் சங்கமே இல்லை.