ஓடுபவரும் ஓரத்தில் நிற்பவரும்

காரைக்கால் பகுதியைச் சேர்ந்த நெடுங்காட்டில் நின்று 42.195 கிலோமீட்டர் என்னும் தொலைவை எண்ணிப் பார்க்கலாம். 1880ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு ஆட்சியால் கொம்யூனாக்கப்பட்ட ஊர் இது. இங்கிருந்து கிழக்கே சென்றால் சிறிது நேரத்திலேயே கடல் குறுக்கிடும். வேறு எந்தத் திசையில் நேராகச் சென்றாலும் புதுச்சேரியின் எல்லை முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடும். மாவட்டத்தின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர்தான். ஒரு கொம்யூனையும் ஒரு மாவட்டத்தையும் கடந்து அயல் மாநிலத்தின் உள்ளே வெகுதூரம் செல்லும் அத்தொலைவை, ஒரு மனிதர் தம் இரு கால்களைக் கொண்டு சில மணி நேரத்தில் கடப்பதற்கு மாரத்தான் என்று பெயர்.

அச்சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் சித்திரம் தனியாள் ஒருவருடையது. வெறிச்சோடிய சாலையில் வியர்வை வழிய ஓடிவரும் ஒற்றை உருவம். ஆனால் அந்த ஓட்டத்தின் வரலாற்றைப் புரட்டினால் வேறொன்று தென்படுகிறது. ஓடியவர் பெயர் ஏட்டில் நிற்கிறது. அவருக்கு நீர் தந்தவரும், வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டவரும், உடன் ஓடியவரும் அந்த ஏட்டின் ஓரங்களில் நிற்கிறார்கள். அந்த ஓரங்களைச் சற்றே வாசிப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

*

மாரத்தான் ஓட்டம் இலக்கியத்தில் பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது. கி.மு. 490இல் மாரத்தான் சமவெளியில் ஏதென்ஸ் நகரத்தார் பாரசீகப் படையை வென்றனர். அவ்வெற்றிச் செய்தியைச் சுமந்து ஓடிவந்த தூதன் செய்தியைச் சொன்ன மாத்திரத்தில் உயிர்விட்டான் என்பது கதை. போருக்குக் காலத்தால் மிக நெருங்கியவரான ஹெரோடோட்டஸ் இந்த மரணத்தைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. அவர் கூறும் ஓட்டம் வேறு. பிடிப்பிடீஸ் என்பவன் போருக்கு முன்னர் ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஓடினான். ஏறத்தாழ 240 கிலோமீட்டரைக் கடந்து மறுநாளே அங்குச் சேர்ந்தான். எதற்காக? உதவி கேட்பதற்காக. முழுநிலவு வரும்வரை படை புறப்பட இயலாது என்றனர் ஸ்பார்ட்டர். அவர்கள் வந்து சேர்ந்தபோது போர் முடிந்திருந்தது.

செய்தி சொல்லிச் செத்து விழும் தூதன் பல நூற்றாண்டுகள் கழித்து, புளூட்டார்க், லூசியன் ஆகியோர் எழுத்தில்தான் தோன்றுகிறான். புளூட்டார்க் அவனுக்கு வேறு பெயர் தருகிறார். 1879இல் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரவுனிங் இரு ஓட்டங்களையும் ஒரே மனிதன்மேல் ஏற்றிக் கவிதை செய்தார். உதவி கேட்டு ஓடிய மனிதன் இவ்வாறு யாருடைய உதவியுமின்றி ஓடி இறந்த மனிதனானான். வரலாற்றுக்கும் தொன்மத்துக்கும் இடையிலான இந்த மாற்றம் சிறியதன்று.

தொன்மத்தைப் பந்தயமாக்கியவரும் ஓர் எழுத்தறிஞரே. மிஷேல் பிரேயால் பிரெஞ்சு மொழியியலாளர். ஜெர்மனியில் வடமொழி கற்று, பாப் எழுதிய ஒப்பிலக்கணத்தைப் பிரெஞ்சில் பெயர்த்தவர். சொற்பொருளியலை ஒரு துறையாக நிறுவியவர்களுள் முன்னவர். தற்கால ஒலிம்பிக்கைத் தோற்றுவித்த கூபர்த்தேனுக்கு அவர் 1894இல் இந்த ஓட்டத்தைப் பரிந்துரைத்தார். வெல்பவருக்கு வெள்ளிக்கிண்ணம் தருவதாகவும் கூறினார். நெடுங்காடு பிரெஞ்சு ஆளுகையில் இருந்த அதே காலத்தில், பாரிஸின் ஒரு மொழியறிஞர் மேசையில் இந்த ஓட்டம் உருவாகியிருக்கிறது.

*

1896 ஏப்ரல் 10. மாரத்தானிலிருந்து ஏதென்ஸுக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். வென்றவர் மரூசி என்னும் ஊரைச் சேர்ந்த ஸ்பிரிதோன் லூயிஸ். நேரம் 2 மணி 58 நிமிடம் 50 நொடி. அவருடைய தொழில் தண்ணீர் சுமப்பது என்பது நம் கவனத்துக்குரியது. பிறர் தாகத்துக்கு நீர் கொண்டு சென்றவரே முதல் ஒலிம்பிக் மாரத்தானை வென்றிருக்கிறார். பீக்கெர்மி என்னும் சிற்றூரில் ஊரார் தந்த திராட்சை மதுவை நின்று அருந்திவிட்டு, முன்னால் ஓடுவோரைப் பிடித்துவிடுவேன் என்றாராம். அரங்கில் நுழைந்தபோது கிரேக்க இளவரசர் இருவர் இறங்கிவந்து அவருடன் முடிவிடம் வரை ஓடினர். முதல் மாரத்தானின் கடைசி அடிகளே தனியடிகளாக இருக்கவில்லை.

தனியாக ஓடியவரும் ஒருவர் உண்டு. அவர் ஸ்தமாதா ரெவீதி, கைக்குழந்தையுடன் வாழ்ந்த ஏழைப் பெண். பந்தயத்தில் அனுமதி மறுக்கப்பட்டதால் மறுநாள் அதே பாதையில் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் ஓடி முடித்தார். ஓடத் தொடங்கிய நேரத்தைக் குறித்து மாரத்தான் ஊர்ப் பெரியவர்களிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தார். அரங்குக்குள் அவரை விடவில்லை. அதன்பின் அவர் என்ன ஆனார் என்பதற்கு வரலாற்றில் தடயமில்லை. லூயிஸுக்கு இளவரசர்கள் கிடைத்தார்கள். ரெவீதிக்குக் கிடைத்தவை சில கையெழுத்துகள். இருவரும் ஓடிய சாலை ஒன்றே.

உதவிக்கு எல்லை உண்டா என்ற கேள்வியை 1908 லண்டன் ஒலிம்பிக் எழுப்பிற்று. 42.195 கிலோமீட்டர் என்ற அளவு முதன்முதலில் வந்ததும் அங்கேதான். 1921இல் அதுவே நிலையான அளவாயிற்று. இத்தாலியரான தொராந்தோ பியெத்ரி முதலாவதாக அரங்கினுள் வந்தார், திசை தவறினார், பலமுறை விழுந்தார். அதிகாரிகள் தூக்கி நிறுத்தினர். அவ்வாறே எல்லைக்கோட்டைக் கடந்தார். பிறர் கை பட்டதால் தகுதி நீக்கப்பட்டார். தங்கம் அமெரிக்கரான ஜானி ஹேஸுக்குச் சென்றது. மறுநாள் அரசி அலெக்சாண்ட்ரா தொராந்தோவுக்குத் தனியே ஒரு கிண்ணம் அளித்தார்.

இந்த நிகழ்ச்சியிலிருந்து ஓர் அறம் தெளிவாகிறது. நீர் தரலாம், பெயர் சொல்லி அழைக்கலாம், பக்கத்தில் ஓடலாம். ஆனால் அவருடைய அடியை நாம் வைத்துவிட முடியாது. துணை நிற்றலின் கடினம் இங்கேதான் இருக்கிறது. தூக்கிவிடும் ஆசையை அடக்கிக்கொண்டு அருகில் நிற்பவரே மெய்யான துணைவர்.

*

தோழமையின் பெயராலேயே நிகழும் ஓட்டம் தென்னாப்பிரிக்காவில் உண்டு. முதல் உலகப்போரில் மாண்ட தோழர்களின் நினைவாக விக் கிளாப்பம் என்னும் முன்னாள் போர்வீரர் 1921இல் தொடங்கிய காம்ரேட்ஸ் மாரத்தான், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீள்வது. பெயரில் மாரத்தான், நீளத்தில் அதனினும் இருமடங்கு. தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்று குடியேறிய நேட்டால் மண் அது. 1922இல் பில் பெய்ன் என்பவர் ரக்பி காலணியுடன் ஓடினார். வழியில் கோழிக்கறி உண்டார், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை நெருங்கியதும் மாமனார் வீட்டில் தேநீர் அருந்தினார், அப்படியும் எட்டாவதாக வந்தார் என்று கதையாகச் சொல்வார்கள். 1923இல் பிரான்சிஸ் ஹேவர்டு என்னும் பெண்ணுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அவர் ஓடி முடித்தார், பதக்கம் தரப்படவில்லை. உடன் ஓடியவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் பரிசாக வெள்ளித் தேநீர்க்கலன்களை அவருக்கு அளித்தனர். பெண்களுக்கும் கறுப்பினத்தாருக்கும் அந்த ஓட்டம் முறைப்படி திறக்கப்பட்டது 1975இல்தான். அமைப்பு திருந்த அரை நூற்றாண்டு ஆயிற்று. சாலையில் இருந்தவர்களுக்கு ஒரு நாள் போதுமாயிருந்தது.

1966இல் பாஸ்டனிலும் இதே கதைதான். பாபி கிப் என்னும் இளம்பெண்ணின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அத்தனை தூரம் ஓடப் பெண்ணுடல் தாங்காது என்று கருதப்பட்ட காலம். மகளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று தந்தை நினைத்தார். தாயோ, மகள் சொன்னதைக் கேட்டபின், தாமே வண்டியோட்டிச் சென்று தொடக்க இடத்துக்கருகே இறக்கிவிட்டார். புதர்மறைவில் காத்திருந்து கூட்டத்தில் கலந்த அப்பெண்ணை அடையாளம் கண்ட ஆண்கள், உன்னை வெளியேற்ற விடமாட்டோம் என்று சூழ்ந்து ஓடினர். 3 மணி 21 நிமிடத்தில் அவர் ஓட்டத்தை முடித்தார். பாஸ்டன் பெண்களை முறைப்படி ஏற்றது 1972இல்.

அதே பாஸ்டனில் டிக் ஹாய்ட் என்னும் தந்தை, பேச்சும் நடையும் இயலாத மகன் ரிக்கைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளியபடி 2014 வரை 32 முறை ஓடினார். ஓடும்போது தம் குறை மறைந்துவிடுவதாக மகன் கணினி வழியே தெரிவித்ததே இதற்குத் தூண்டுதல். இவர்களில் ஓடியவர் யார், துணைநின்றவர் யார் என்று நம்மால் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

*

இந்தியாவுக்கு வருவோம். 1920இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு முதல் இந்திய அணியை அனுப்பியதில் தொராப்ஜி டாடாவின் முயற்சியும் பொருளும் பெரும்பங்கு வகித்தன. புணே விளையாட்டு விழாவில் உழவர்கள் வெறுங்காலுடன் ஓடியதைக் கண்டதே அவருக்குத் தூண்டுதலாயிற்று. அவ்வணியின் பெல்காம் வீரர் பதேப்பா சௌகுலே மாரத்தானில் 2 மணி 50 நிமிடத்தில் 19ஆவதாக வந்தார்.

பஞ்சாபின் பௌஜா சிங்கை அறியாதார் இரார். 1994இல் மகனைக் கண்ணெதிரே விபத்தில் இழந்து, இங்கிலாந்தில் மற்றொரு மகனுடன் வாழச் சென்ற முதியவர். துக்கத்திலிருந்து மீள ஓடத் தொடங்கினார். ஹர்மந்தர் சிங் என்னும் பயிற்சியாளர் உடன் நின்றார். 2000இல், 89 வயதில், லண்டனில் முதல் மாரத்தான். 2011இல் டொரண்டோவில், கடவுச்சீட்டின்படி நூறு வயதில், எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாக ஓடி முடித்தார். 2025 ஜூலையில் சொந்த ஊர்ச் சாலையில் வாகனம் மோதி மறைந்தார். அவரை ஓட வைத்ததும் குடும்பம்தான்; இழந்த மகனும் இருந்த மகனும்.

2016 ரியோ ஒலிம்பிக் இரு படங்களைத் தருகிறது. ஆடவர் ஓட்டத்தில் கேரளத்தின் கோபி 25ஆவதாகவும் ராஜஸ்தானின் கேத்தா ராம் 26ஆவதாகவும் வந்தனர். இருவருக்கும் இடையே ஒரு நொடி. இத்தனைக்கும் அவ்வாண்டு மும்பையில் கோபி ஓடியது தோழர் நிதேந்தர் சிங்குக்கு வேகம் அமைத்துத் தருவதற்காகவே. துணையாகச் சென்றவர் தாமும் தகுதி பெற்றுவிட்டார். பெண்கள் ஓட்டத்திலோ, ஓ.பி. ஜெய்ஷா எல்லைக்கோட்டைக் கடந்து மயங்கி விழுந்தார். நம் நாட்டுக்குரிய மேசைகளில் நீர் தர எவருமில்லை என்றார் அவர். அவர் தரப்பே வேண்டாமென்றது என்று தடகளக் கூட்டமைப்பு மறுத்தது. வழக்கு எப்படியாயினும், 42 கிலோமீட்டரில் ஒரு குவளை நீரின் இடம் என்ன என்பதை நாடே அன்று பேசிற்று.

*

இனி நம் மண்ணுக்குத் திரும்பலாம். காரைக்காலின் தலையாய கதையே நெடுவழிக்குரியது. பரமதத்தன் அனுப்பிய இரு மாங்கனிகளில் ஒன்றைப் புனிதவதியார் பசித்து வந்த அடியவருக்கு அளித்தார். சோறு ஆகியிருந்தது, கறி ஆகியிருக்கவில்லை என்கிறது பெரியபுராணம். வழிநடந்து வந்தவருக்குக் கையில் இருந்ததைத் தந்த அச்செயலில் தொடங்குகிறது அம்மையார் கதை. கணவன் அஞ்சிப் பிரிந்து சென்றான். பின்னர் அவர் கயிலைக்குத் தலையால் நடந்தார். அந்நெடும்பயணத்தில் துணையென்று எவரும் இல்லை. ஆனால் முடிவிடத்தில் ஒரு குரல் அவரை அம்மையே என்று அழைத்தது. ஆண்டுதோறும் ஆனி முழுநிலவில் மாங்கனித் திருவிழா நடக்கும்போது காரைக்கால் தெருக்களில் மாடிகளிலிருந்து கனிகளை வீசுகிறார்கள். பயணத்தையன்று, வழிப்போக்கருக்குத் தந்த அந்தக் கனியையே ஊர் விழாவாக நினைவில் வைத்திருக்கிறது.

இப்பகுதியின் கடற்கரைச் சாலை இன்னொன்றையும் அறியும். வேளாங்கண்ணித் திருவிழாவையொட்டி ஆகஸ்ட் இறுதியில் காவி உடுத்து நடந்து வருவோர் குடும்பமாகவும் நண்பர் குழாமாகவும் வருகிறார்கள். நடப்பவரின் சமயத்தைக் கேட்டு நீர் தருவது நம் தண்ணீர்ப் பந்தல்களின் வழக்கமன்று. வடக்கே, 2008இல் தொடங்கிய ஆரோவில் மாரத்தான் பரிசு எதுவும் இல்லாமல் ஓடுவதன் மகிழ்ச்சிக்காகவே நடத்தப்பட்டது. புதியதாகத் தோன்றினாலும், பரிசின்றி நெடுவழி செல்வோரும் பரிசின்றி அவர்களுக்கு மோர் வார்ப்போரும் இம்மண்ணுக்குப் புதியவரல்லர்.

ஓட்டக்காரர் குழுக்கள் ஊர்தோறும் பெருகிவிட்ட காலம் இது. விடியலுக்கு முன் ஒரு வீட்டில் ஒருவர் காலணி கட்டுகிறார் என்றால், அவ்வீட்டில் இன்னொருவர் அடுப்பு மூட்டியிருக்கிறார். இன்னொருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். பெரும்பாலும் அந்த இன்னொருவர் பெண் என்பதையும் நாம் சொல்லாமல் விடலாகாது. ரெவீதியும் ஹேவர்டும் கேட்டது மாலையையன்று, ஓட இடத்தையே. ஆகவே துணை நிற்பது முறைவைத்து மாறவேண்டியது. இன்று நீர் ஏந்தியவர் நாளை ஓடவேண்டும், இன்று ஓடியவர் நாளை நீர் ஏந்தவேண்டும்.

தொன்மத்தின் தூதன் யாருமற்று ஓடி இறந்தான். வரலாற்றின் தூதன் உதவி கேட்டு ஓடினான். உதவி காலந்தாழ்ந்து வந்தது. இவ்விரண்டில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது இரண்டாவதையே. முழுநிலவுக்குக் காத்திருக்காமல் சாலையோரத்தில் போய் நிற்பதுதான் நம்மால் ஆகக்கூடியது.