ஒருவர்க்கு எழுதிய மடல்

கடிதம் என்பது இருவர் தனித்திருந்து பேசும் பேச்சு. எழுதுபவர் ஓர் ஊரிலும் படிப்பவர் வேறோர் ஊரிலும் இருப்பினும், அப்பேச்சின் நடுவே மூன்றாமவர்க்கு இடமில்லை. இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். மின்னஞ்சல் வந்தபின் நாம் இதனை மறந்துவிட்டோமோ என்னும் ஐயம் எனக்கு உண்டு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் தபால்களைப் பதிவேட்டில் ஏற்றுவதும் உரிய பிரிவுக்கு அனுப்புவதுமாகவே இருபது ஆண்டுகளைக் கழித்தவன் நான். ஆதலின், பிறர் கடிதத்தைக் கைமாற்றும் வழக்கத்தின் வரலாற்றை நம் சங்கத்து ஆண்டு மலரில் எழுத முற்படுவது என் தொழிலுக்குப் பொருந்தாததன்று. இதனை எழுத வேறொரு காரணமும் உண்டு. அதனை இறுதியிற் கூறுவேன்.

தமிழில் மிகப் பழைய செய்தியொன்றிலிருந்து தொடங்குவோம். சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு இரண்டு மடல்கள் விடுக்கிறாள். முதல் மடலை அவன் வாங்க மறுத்துவிட்டான். இரண்டாம் மடல், கோவலன் கண்ணகியோடு மதுரைக்குச் செல்லும் வழியில், கௌசிகன் என்னும் அந்தணன் வாயிலாக வந்து சேர்கிறது. அம்மடல் மண்ணால் இலச்சினை இடப்பட்டிருந்தது. அவ்விலச்சினையில் கமழ்ந்த நெய் மணத்தால் அனுப்பியவள் இன்னாள் எனக் கோவலன் அறிந்தான் என்கிறார் இளங்கோவடிகள். மடலைப் படித்ததும், பிழை அவளுடையதன்று, தன்னுடையதே என்று உணர்ந்தான். பின்னர் அவன் செய்த செயலே நம் ஆராய்ச்சிக்கு உரியது. அம்மடலின் சொற்கள் தான் தன் பெற்றோர்க்கு எழுத வேண்டியவற்றுக்கும் பொருந்தியிருக்கக் கண்டு, அதனையே தன் பெற்றோரிடம் சேர்க்குமாறு கௌசிகனிடம் திருப்பிக் கொடுத்தான்.

நாமறிந்த தமிழ் நூல்களில், ஒருவர்க்கு வந்த மடல் வேறொருவர்க்கு அனுப்பப்பட்ட பழைய நிகழ்ச்சி இதுவாகலாம். கோவலன் முதலில் மடலை முழுவதும் படித்தான். அதில் எழுதியவட்கு இழுக்குத் தரும் சொல் ஒன்றுமில்லை என்று கண்டான். தன் பிரிவால் வாடிய பெற்றோர் இருவர்க்கு மட்டுமே அனுப்பினான். ஊர் மன்றத்தில் படிக்கச் சொல்லவில்லை. ஆயினும் மாதவியின் இசைவைக் கேட்டானல்லன். வழிநடையில் இருந்தவன் கேட்டிருக்கவும் இயலாது. எனவே அவனை நாம் முற்றும் பழிக்கவும் முடியாது, முற்றும் புகழவும் முடியாது.

இனி, கடிதம் யாருக்குச் சொந்தம் என்ற வினா நீதிமன்றம் ஏறிய வரலாற்றைக் காண்போம். இங்கிலாந்தில் அலெக்சாண்டர் போப் என்னும் கவிஞர் தம் நண்பர் ஜோனதன் சுவிஃப்ட்டுடன் கடிதப் போக்குவரத்து நடத்தியிருந்தார். எட்மண்ட் கர்ல் என்னும் பதிப்பாளர் அக்கடிதங்களை அச்சிட்டு விற்கத் தொடங்கினார். போப் வழக்குத் தொடுத்தார். 1741-ஆம் ஆண்டு ஹார்டுவிக் பிரபு அளித்த தீர்ப்பின் சாரம் இது: கடிதத்தாள் அதைப் பெற்றவர்க்குச் சொந்தமாகலாம், ஆயினும் அதிலுள்ள சொற்களை உலகுக்கு வெளியிடும் உரிமை அதனால் அவருக்கு வந்துவிடாது, அவ்வுரிமை எழுதியவருடையதே. தாள் ஒருவருக்கு, சொல் மற்றவருக்கு. இந்தப் பிரிவினையை மனத்திற் கொண்டால், நம் ஐயங்களிற் பல தாமே தீர்ந்துவிடும்.

இத்தீர்ப்புக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், கடிதம் ஒன்றைக் கைமாற்றியதால் பெரிய கேடொன்று விளைந்தது. அதனைச் செய்தவர் சாதாரண மனிதர் அல்லர். மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின். அதிலும் வியப்பு என்னவெனில், அவரே அமெரிக்கக் குடியேற்றங்களின் துணை அஞ்சல் தலைவராக 1753 முதல் பதவி வகித்தவர்.

மாசசூசெட்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த தாமஸ் ஹட்சின்சன், பின்னர் அம்மாகாணத்தின் ஆளுநர் ஆனவர். அவர் இலண்டனில் இருந்த தாமஸ் வேட்லி என்பவருக்குச் சில கடிதங்கள் எழுதியிருந்தார். குடியேற்ற மக்களின் உரிமைகளைச் சற்றுக் குறைக்க வேண்டிவரும் என்ற கருத்து அவற்றில் இருந்தது. வேட்லி 1772-இல் இறந்தார். அக்கடிதங்கள் எப்படியோ பிராங்க்ளின் கைக்கு வந்தன. யார் கொடுத்தார் என்பதை அவர் இறுதிவரை வெளியிடவில்லை. 1772 டிசம்பரில் அவற்றைப் பாஸ்டன் நகரில் இருந்த சட்டமன்றத் தலைவருக்கு அனுப்பினார். நகல் எடுக்கலாகாது, அச்சிடலாகாது, குறிப்பிட்ட சிலரே பார்க்கலாம் என்று நிபந்தனையும் விதித்தார்.

நிபந்தனை என்னவாயிற்று? 1773 ஜூனில் அக்கடிதங்கள் அச்சேறின. பாஸ்டன் கொதித்தது. ஆளுநரை நீக்குமாறு மன்னருக்கு மனு சென்றது. இலண்டனிலோ, கடிதங்களைத் திருடியவர் யார் என்ற சண்டை மூண்டது. இறந்த வேட்லியின் சகோதரரும், ஐயத்துக்கு உள்ளான ஜான் டெம்பிள் என்பவரும் அவ்வாண்டு டிசம்பரில் ஹைட் பூங்காவில் துவந்த யுத்தம் புரிந்தனர்; வேட்லி காயமுற்றார். குற்றமற்ற இருவர் இரத்தம் சிந்துவதைக் கண்ட பின்னரே, அனுப்பியவன் நானே என்று பிராங்க்ளின் பத்திரிகையில் ஒப்புக்கொண்டார். 1774 ஜனவரி 29-ஆம் நாள் அரசவைக் குழுவின் முன் அவர் நிறுத்தப்பட்டார். அரசு வழக்கறிஞர் வெட்டர்பர்ன் அவரை நெடுநேரம் இழித்துரைக்க, பிராங்க்ளின் ஒரு சொல்லும் பேசாது நின்றார். அடுத்த சில நாட்களில் அஞ்சல் பதவியும் பறிபோயிற்று.

பிராங்க்ளின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அக்கடிதங்கள் பொதுப் பதவியில் இருந்தோர் பொதுக் காரியம் பற்றி எழுதியவை. ஆதலின் அவற்றை வெறும் சொந்தக் கடிதங்களாகக் கருதலாகாது என்பது அவருடைய வாதம். நாட்டுக்குத் தீங்கு வரும் செய்தியை மறைத்து வைப்பது தருமமா என்று கேட்டால் விடை கூறுவது எளிதன்று. ஆனால் ஒன்று மட்டும் தெளிவு. கடிதத்தோடு நாம் அனுப்பும் நிபந்தனை அக்கடிதத்தைப் போல் நெடுந்தூரம் செல்வதில்லை. முதற் கை அதனை மதிக்கும். இரண்டாம் கை மறக்கும். மூன்றாம் கைக்கு அது தெரியவே தெரியாது.

அரசாங்கமே பிறர் கடிதத்தைப் பிரித்த கதையும் உண்டு. இத்தாலிய விடுதலை வீரர் மாஜினி இலண்டனில் அகதியாக வாழ்ந்தபோது, தம் கடிதங்களை யாரோ பிரிப்பதாக ஐயுற்றார். உறைக்குள் மணல், கசகசா, மயிரிழை முதலியவற்றை இட்டு அனுப்பச் செய்து சோதித்தார். வந்து சேர்ந்த உறைகளில் அவை காணப்படவில்லை. 1844-இல் இச்செய்தி பாராளுமன்றத்தில் வெடித்தது. உள்துறை அமைச்சர் சர் ஜேம்ஸ் கிரகாமின் உத்தரவால் கடிதங்கள் பிரிக்கப்பட்டமை வெளியாகி, நாடே வெட்கியது.

நம் நாட்டுக்கு வருவோம். 1854-இல் தூரம் எவ்வளவாயினும் கால் தோலா எடைக் கடிதத்திற்கு அரை அணா என்ற ஒரே கட்டணம் ஏற்பட்டது. 1879 ஜூலை முதல் நாள் கால் அணா அஞ்சல் அட்டை வெளிவந்தது. எல்லார் கண்ணுக்கும் படும்படி திறந்த அட்டையில் எழுதும் வழக்கம் வந்ததும், எதை அட்டையில் எழுதலாம், எதை உறையில் இட வேண்டும் என்ற பகுத்தறிவும் கூடவே வந்தது. கடன் கேட்பதை, பெண்ணின் வரன் பற்றிய பேச்சை, நோயை ஒருவரும் அட்டையில் எழுதார். சுப காரியக் கடிதத்தின் மூலையில் மஞ்சள் தடவினர். துக்கச் செய்திக் கடிதத்தைப் படித்த உடனே கிழித்தனர். 1950-இல் உள்நாட்டுக் கடிதம் வந்தது. மலிவான விலையில் ஏழைக்கும் ஒட்டி மூடிய இரகசியம் கிடைத்தது. 1898-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம், கடமைக்கு மாறாகக் கடிதத்தைப் பிரிக்கும் அஞ்சல் ஊழியருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. அதே சட்டம், பொது நெருக்கடியில் அரசு கடிதங்களைத் தடுத்து வைக்கவும் இடம் தந்தது. அதற்கு மாற்றாக வந்த 2023-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டத்திலும் அவ்வதிகாரம் உள்ளது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள்.

எங்கள் அலுவலக வழக்கம் ஒன்றையும் ஈண்டுக் குறிப்பிட விரும்புகிறேன். இரகசியக் கடிதமாயின் இரண்டு உறை இடுவோம். உள்ளுறையில் இரகசியம் என்ற குறிப்பும் அரக்கு முத்திரையும் இருக்கும். வெளியுறையில் முகவரி மட்டுமே இருக்கும். வெளியுறையைப் பிரிப்பது என் போன்ற குமாஸ்தாவின் வேலை. உள்ளுறையை நாங்கள் தொட்டுப் பதிவு செய்வோமேயன்றிப் பிரிப்பதில்லை. பல ஆயிரம் உள்ளுறைகள் என் கையைக் கடந்து சென்றுள்ளன. ஒன்றையும் நான் பிரித்ததில்லை என்று பெருமை கொண்டிருந்தேன்.

நிற்க. 1971-இல் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் அனுப்பிக் காட்டினார். பெயருக்கும் இடத்துக்கும் நடுவே இன்று நாம் இடும் சுழிக்குறியைத் தேர்ந்தவரும் அவரே. 1995 ஆகஸ்டு 15 முதல் நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய வசதி கிடைத்தது. மின்னஞ்சலில் காணும் 'சி.சி.' என்ற எழுத்துகள் தட்டச்சுக்காரரின் கார்பன் நகலின் நினைவே. ஆனால் கார்பன் தாளில் ஐந்தாம் நகலே மங்கிவிடும். ஆறாவது எழுத்துத் தெரியாது. அந்த மங்கலே ஒரு காவலாக இருந்தது. மின்னஞ்சலில் ஆயிரமாவது நகலும் முதல் நகல் போலவே பளிச்சிடும். மேலும், ஒரு மடலை மேலனுப்பும்போது, அதன் அடியில் முன்னம் எழுதப்பட்ட மடல்கள் அத்தனையும், எழுதியோர் முகவரிகளோடு, ஒட்டிக்கொண்டே செல்லும்.

இப்போது நான் தொடக்கத்திற் குறிப்பிட்ட காரணத்திற்கு வருகிறேன். சென்ற ஆண்டு நம் சங்கத்து அன்பர் ஒருவர், ஆண்டுச் சந்தாவைக் காலந்தாழ்த்திச் செலுத்த இசைவு கேட்டு எனக்கு மின்னஞ்சல் எழுதினார். அதில் தம் இல்லத்துக் கஷ்டத்தை மனந்திறந்து கூறியிருந்தார். நான் அதனைச் சுருக்கி இரண்டு வரி எழுதியிருக்கலாம். சோம்பலால் அம்மடலை அப்படியே பொருளாளருக்கு அனுப்பினேன். அவர் நல்லெண்ணத்தோடு செயற்குழுவினர்க்கு அனுப்பினார். அங்கிருந்து அது காலனியின் செல்பேசிக் குழுவுக்குச் சென்றது. பொங்கல் விழாவில் அவர் மனைவியாரைப் பெண்மணிகள் நால்வர் சூழ்ந்து நலம் விசாரித்தனர். அன்போடுதான் விசாரித்தனர். அக்குடும்பம் உணவு அருந்தாமலே வீடு திரும்பியது. ஆண்டுதோறும் கடவுள் வாழ்த்துப் பாடும் அவர்கள் மகளும் அதன்பின் நம் கூட்டங்களுக்கு வரவில்லை.

அவர் மடலை ஓர் உள்ளுறையாக நான் கருதவில்லை. என் பெருமை அன்றோடு ஒழிந்தது. அவர் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டேன். "ஐயா, தங்களிடம் சொன்னேன், ஊரிடம் சொல்லவில்லையே" என்று மட்டும் கூறினார். இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரிடம் காட்டினேன். இரண்டு வாக்கியங்களை அடித்துவிட்டார். எஞ்சியதை அச்சிட இசைந்தார்.

இச்சங்கத்தில் நாம் நூறு குடும்பங்களாயினும் ஒரு குடும்பம் போல் வாழ்கிறோம் என்று மேடையில் கூறிக்கொள்கிறோம். ஒரு குடும்பத்துக்குள்ளும் பிரிக்கலாகாத கடிதங்கள் உண்டு. ஆதலின் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் சில. பிறர் மடலை அனுப்புமுன் எழுதியவரைக் கேளுங்கள். கேட்க இயலாதாயின், வேண்டிய செய்தியை மட்டும் உங்கள் சொற்களில் எழுதுங்கள். அனுப்பியே ஆக வேண்டுமாயின், அடியில் தொங்கும் பழைய மடல்களை நீக்குங்கள். பலருக்கு ஒரே அறிவிப்பை அனுப்புகையில், ஒருவர் முகவரி மற்றவர்க்குத் தெரியாதபடி 'பி.சி.சி.' என்னும் மறைநகல் இடத்தில் முகவரிகளை இடுங்கள். ஒருவருக்குச் சொல்ல வேண்டிய மறுமொழியை அனைவருக்கும் அனுப்பாதீர்கள். தவறிப்போய் உங்களுக்கு வந்த மடலைப் படிக்காமல் அனுப்பியவர்க்கே திருப்பிவிடுங்கள்.

இவ்வாண்டு விழாவின் கடவுள் வாழ்த்துக்கு நிகழ்ச்சி நிரலில் பெயர் எதுவும் குறிக்காமல் விட்டிருக்கிறோம். அப்பெண் வந்து பாட வேண்டும் என்பது என் ஆசை. வருமாறு ஒரு மடல் எழுதியிருக்கிறேன். அதனை உள்நாட்டுக் கடிதத்தில் எழுதி, ஒட்டி, அவர்கள் வாயிலிற் கொண்டுபோய் நானே கொடுத்தேன். அதில் என்ன எழுதினேன் என்பதை இம்மலரில் கூறமாட்டேன்.